முதலாம் ஆண்டு வகுப்பறையிலிருந்து கிளினிக் வரை: ஏ.டி.எச்.டி.யை நம் தோட்டப்புறத்தில் முன்கூட்டியே கண்டறிய என்ன செய்யலாம்?

தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட் வட்டாரம்

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் 16 ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். மூன்றாம் ஆண்டில் பயிலும் என் மாணவி ஒருத்தியின் தாயாரோடு சென்ற வாரம் பேசினேன். அந்தப் பேச்சுதான் இந்த இழையைத் தொடங்க வைத்தது.

அச்சிறுமி யாருக்கும் தொல்லை கொடுத்ததில்லை. சன்னலோர மேசையில் அமைதியாக அமர்ந்திருப்பாள். கரும்பலகையில் எழுதிய ஐந்து வரிகளில் இரண்டை எழுதிவிட்டு அழிப்பானைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். பென்சில், தண்ணீர்ப் புட்டி, வீட்டுப்பாடப் புத்தகம் என்று வாரத்தில் ஏதேனும் ஒன்று தொலையும். முதலாம் ஆண்டில் அவளை 'மெல்லக் கற்பவள்' என்று குறித்திருக்கிறார்கள். இரண்டாம் ஆண்டில் 'முயற்சி போதாது' என்று எழுதியிருக்கிறார்கள். ஒருநாள் ஓய்வு நேரத்தில் அவளைத் தனியே உட்கார வைத்து ஒரு கதையைச் சொன்னேன். அதை அவள் ஒரு நிகழ்ச்சி விடாமல் எனக்குத் திருப்பிச் சொன்னாள். அறிவில் குறையில்லை, கவனம்தான் நிலைகொள்ளவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதற்குள் இரண்டு பள்ளி ஆண்டுகள் போய்விட்டன.

குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐவருக்கு ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு இருக்கக்கூடும் என்பது உலகளாவிய மதிப்பீடு. நூறு பேர் படிக்கும் சிறிய பள்ளியில் ஏறத்தாழ ஐந்து பிள்ளைகள் இருக்கக்கூடும். ஆனால் என் பணிக்காலம் முழுவதிலும் மருத்துவர் உறுதிப்படுத்திய பிள்ளைகளாக நான் அறிந்தவர்கள் இருவரே. இருவரும் ஆண் பிள்ளைகள். வகுப்பில் பொருள்களை உடைத்து, மற்றவர்களை அடித்து, தலைமையாசிரியர் அறைவரை சென்ற பிறகே அவர்களை மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். அமைதியாக இருந்த மற்றவர்கள் எங்கே போனார்கள்? நகரத்தில் அரசாங்கக் கிளினிக் இருக்கிறது. தாதியர் குழு பள்ளிக்கே வருகிறது. இருந்தும் இடையில் எங்கே அறுந்துபோகிறது என்பதைச் சுகாதாரத் துறையில் இருப்பவர்களும் பெற்றோரும் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற சமூகத் தாதி

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நீங்கள் கேட்ட கேள்வியை நான் வேலையில் இருந்த காலத்திலேயே பலமுறை எனக்குள் கேட்டிருக்கிறேன். எங்கே அறுந்துபோகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த விடை தடுப்பூசி அட்டவணையில் இருக்கிறது.

குழந்தை பிறந்ததிலிருந்து 18 மாதம்வரை தாய்மார் ஊசிக்காகத் தவறாமல் தாய் சேய் கிளினிக்குக்கு வருவார்கள். மழையோ வெயிலோ, மோட்டார் சைக்கிளில் பிள்ளையை நடுவில் வைத்துக்கொண்டாவது வந்துவிடுவார்கள். 18 மாத ஊசி முடிந்ததும், தீபகற்ப மலேசியாவில் அட்டவணைப்படி அடுத்த ஊசி 7 வயதில்தான், அதுவும் பள்ளியிலேயே போடப்படுகிறது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளுக்கும் மேலான காலத்தில் வளர்ச்சிப் பரிசோதனைக்கு வரலாம் என்று குழந்தைச் சுகாதாரப் புத்தகத்தில் பக்கங்கள் இருக்கின்றன. ஆனால் ஊசி இல்லாத நாளில் வேலையை விட்டுவிட்டு வருவதற்குப் பெரும்பாலான குடும்பங்களுக்குக் காரணம் தோன்றுவதில்லை. பிள்ளையின் கவனமும் அடக்கமும் உருவாகிற வயதில், பாலர் பள்ளிக்குப் போகிற வயதில், எங்கள் கண்ணில் அவன் படுவதே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 18 மாதத்தில் தாயாரிடம் ஒரு கேள்வித்தாளை நிரப்பச் சொல்வோம். அது ஆட்டிசத்துக்கான பரிசோதனை. 'அன்றைக்கே எல்லாம் பார்த்துவிட்டார்கள், பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்' என்று பல ஆண்டுகள் கழித்தும் தாய்மார் நம்பிக்கொண்டிருப்பதைக் கண்டிருக்கிறேன். ஏ.டி.எச்.டி.யை அந்த வயதில் அந்தத் தாளால் கண்டறிய முடியாது என்பதை நாங்கள் அப்போதே ஒரு வரியில் விளக்கியிருக்க வேண்டும். அவசரத்தில் விளக்காமல் விட்ட நாள்கள் உண்டு; அது எனக்கு இன்றும் வருத்தம்.

தோட்டத்து மூத்தவர்

வணக்கம். மண்டோராக, அதாவது தோட்டத்தில் வேலையாள்களை மேற்பார்ப்பவராக, வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். என்னைத் தவறாக எண்ண வேண்டாம், மனத்தில் பட்டதைச் சொல்கிறேன். நாங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) வளர்ந்த காலத்தில் வீட்டுக்கு ஆறேழு பிள்ளைகள். அவர்களில் ஒருவன் துறுதுறுவென்று ஓடுவான், ஒருத்தி வாய் திறக்காமல் இருப்பாள். யாரையும் நோயாளி என்று சொல்லவில்லை. இன்றைக்குக் கைப்பேசியைக் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளை ஓரிடத்தில் குந்த மாட்டேன் என்கிறான் என்று மருத்துவரிடம் போகிறார்கள். மாத்திரை கொடுத்துப் பிள்ளையை மந்தமாக்கிவிடுவார்களோ என்ற பயமும் எனக்கு இருக்கிறது. என் பேரனுக்கு ஆறு வயது; அவனைப் பற்றிப் பாலர் பள்ளியில் இப்படி ஏதோ சொன்னார்கள். அதனால்தான் கேட்கிறேன்.

அரசாங்க மருத்துவ அதிகாரி

மூத்தவர் ஐயாவின் கேள்வி நியாயமானது. ஏறக்குறைய ஒவ்வொரு குடும்பமும் எங்களிடம் இதைத்தான் கேட்கிறது. முதலில் பழைய காலத்தைப் பற்றிச் சொல்கிறேன். இலண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் 1902-இலேயே, அறிவு இருந்தும் தங்களைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடியாத பிள்ளைகளைப் பற்றி விரிவாக உரையாற்றியிருக்கிறார். கைப்பேசிக்கு வெகுகாலம் முந்திய செய்தி இது. அக்காலத்துத் தோட்டங்களில் இத்தகைய பிள்ளைகள் இருந்திருப்பார்கள். படிப்பு வரவில்லை என்று நான்காம் ஐந்தாம் வகுப்போடு நின்று பால்மரக் காட்டுக்கு (இரப்பர்த் தோட்ட வேலைக்கு) போனவர்களை யாரும் கணக்கெடுக்கவில்லை.

அடுத்து, எதை வைத்து மருத்துவர் முடிவு செய்கிறார் என்பது. இதற்கு இரத்தப் பரிசோதனையோ மூளைப் படமோ கிடையாது. கவனக்குறைவுக்கு 9 அறிகுறிகள், மிகையியக்கத்துக்கும் பொறுமையின்மைக்கும் சேர்த்து 9 அறிகுறிகள் என்று வகுத்திருக்கிறார்கள். குழந்தைகளைப் பொறுத்தவரை, ஏதேனும் ஒரு பட்டியலில் குறைந்தது 6 அறிகுறிகள், குறைந்தது 6 மாதங்களாக, வயதுக்குப் பொருந்தாத அளவில் இருக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் தொடங்கியிருக்க வேண்டும். அவை பள்ளி, வீடு என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தென்பட வேண்டும். பிள்ளையின் படிப்பையோ உறவுகளையோ பாதிக்கவும் வேண்டும். ஐயாவின் காலத்தில் துறுதுறுவென்று ஓடிய பிள்ளைகளில் பலர் இந்த வரையறைக்குள் வரவே மாட்டார்கள். ஆசிரியை குறிப்பிட்ட சிறுமியைப் போல முதல் பட்டியல் மட்டும் பொருந்தும் பிள்ளைகளும் உண்டு. பெண் பிள்ளைகளில் இது மிகுதி. அதனால்தான் அவர்கள் காலந்தாழ்த்தியே வருகிறார்கள்.

வேறு காரணங்களையும் நாங்கள் பார்த்தாக வேண்டும். காதில் சீழ் வடிந்து செவித்திறன் குறைந்த பிள்ளை, சொன்னதைக் கேளாதவன்போல் தோன்றுவான். மூக்கின் பின்புறத்தில் உள்ள அடினாய்டு என்ற சதை வீங்கி இரவெல்லாம் குறட்டை விட்டுத் தூக்கம் கெட்டவன் பகலில் நிலைகொள்ள மாட்டான். சில நொடிகள் விழித்தபடியே நினைவு தப்பும் ஒருவகை வலிப்பு, கனவு காண்பதைப்போலத் தெரியும். இரும்புச்சத்துக் குறைவு, பார்வைக் குறை, வீட்டில் தினமும் நடக்கும் சண்டை ஆகியவையும் கவனத்தைக் கெடுக்கும். முன்கூட்டியே கிளினிக்குக்கு வருவதன் பயன் ஏ.டி.எச்.டி.யைக் கண்டுபிடிப்பது மட்டுமன்று. அது இல்லாதபோது உண்மையான காரணத்தைக் கண்டுபிடிப்பதும்தான்.

பிறந்த மாதத்தையும் பாருங்கள். நம் நாட்டில் பிறந்த ஆண்டைக் கொண்டே முதலாம் ஆண்டில் சேர்க்கிறோம். ஆகவே டிசம்பரில் பிறந்தவன், சனவரியில் பிறந்தவனைவிட ஏறக்குறைய ஓராண்டு இளையவனாக அதே வகுப்பில் அமர்கிறான். இதே முறையில் பிள்ளைகளைச் சேர்க்கும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டார்கள். சனவரியில் பிறந்தவர்களோடு ஒப்பிட்டால் டிசம்பரில் பிறந்த பையன்களுக்கு ஏ.டி.எச்.டி. என்று முடிவு செய்யப்படும் வாய்ப்பு 30 விழுக்காடும், பெண் பிள்ளைகளுக்கு 70 விழுக்காடும் கூடுதலாக இருந்தது. வயதுக்குரிய பிள்ளைத்தனத்தை நோயாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து மெய்யாகவே இருக்கிறது என்பதால், ஐயாவின் ஐயத்தை நான் மதிக்கிறேன்.

மாத்திரையைப் பற்றி: ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முதலில் பரிந்துரைப்பது பெற்றோருக்கான பயிற்சியே, பிள்ளையை நடத்தும் முறை, கட்டளையைச் சுருக்கமாகச் சொல்வது, செய்ததை உடனே பாராட்டுவது போன்றவை அதில் அடங்கும். பெரிய பிள்ளைகளுக்குப் பயன்படும் மெத்தில்ஃபெனிடேட் 1944-இல் முதன்முதலில் உருவாக்கப்பட்ட பழைய மருந்து. பசி குறையலாம், தூக்கம் வரத் தாமதமாகலாம். ஆகவே உயரம், எடை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை அளந்துகொண்டே கொடுப்பார்கள். மருந்து உட்கொண்ட பிள்ளை மந்தமாகத் தெரிந்தால் அளவு பொருந்தவில்லை என்று கொண்டு மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும். நமது சுகாதார அமைச்சு இதற்கான மருத்துவ வழிகாட்டியின் இரண்டாம் பதிப்பை 2020-இல் வெளியிட்டுள்ளது.

லோரி ஓட்டும் தந்தை

டாக்டர் சொன்ன எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். என் மகனுக்கு இப்போது பதினொரு வயது. ஒன்பது வயதில்தான் ஏ.டி.எச்.டி. என்று உறுதி செய்தார்கள். ஆனால் அவனை முதன்முதலில் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனபோது அவனுக்கு ஏழு வயது. எந்த இடம் என்று சொல்ல விரும்பவில்லை. என்ன பிரச்சினை என்று கேட்டார்கள். 'சேட்டை அதிகம், படிக்க மாட்டேன் என்கிறான்' என்று மட்டும்தான் எனக்குச் சொல்லத் தெரிந்தது. அன்றைக்கு அந்த அறையில் மகன் புது இடத்தைக் கண்டு பயந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். 'நன்றாகத்தானே இருக்கிறான், வளர வளரச் சரியாகிவிடும்' என்று அனுப்பிவிட்டார்கள். பள்ளியில் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரிவிக்க என்னிடம் ஒரு தாள்கூட இல்லை. அந்த ஒரு பேச்சால் இரண்டு ஆண்டுகள் போயின.

அந்த இரண்டு ஆண்டுகளில் அவன் எத்தனை அடி வாங்கினான் என்பதை நினைத்தால் எனக்கு உறக்கம் வராது. அடித்தவன் நானேதான்.

பணத்தைப் பற்றியும் சொல்கிறேன். கிளினிக்கில் ஒரு ரிங்கிட், மருத்துவமனையில் சிறப்பு மருத்துவருக்கு ஐந்து ரிங்கிட். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டை 26 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 65 ரிங்கிட்டுக்கு மேல் வருகிறது. தோட்டத்திலிருந்து ஈப்போவுக்குப் போய்வரும் செலவையும் சேர்த்தால், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நூறு ரிங்கிட் கையை விட்டுப் போகிறது. 'இன்னும் ஒரு படிவம் வேண்டும், அடுத்த முறை கொண்டுவாருங்கள்' என்று ஒருமுறை திருப்பி அனுப்பினால், பல குடும்பங்கள் மறுபடி வரமாட்டா. அவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

மகனைப் பற்றிச் சிறப்பு மருத்துவர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் என் மனம் என்னைப் பற்றியே பதில் சொல்லிக்கொண்டிருந்தது. இது குடும்ப வழியாக வருவது மிகுதி என்று அவர் விளக்கினார். நான் இடைநிலைப் பள்ளியின் இரண்டாம் ஆண்டோடு படிப்பை விட்டவன்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட் வட்டாரம்

சகோதரரே, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நெடுநேரம் எதுவும் எழுத முடியவில்லை. உங்கள் கையில் ஒரு தாள்கூட இல்லை என்று சொன்னீர்கள். அதைக் கொடுக்க வேண்டியவர்கள் நாங்கள். ஒரு பிள்ளையை நாளுக்கு ஐந்து மணி நேரம், முப்பது பிள்ளைகளுக்கு நடுவில் வைத்துப் பார்க்கிறவர்கள் ஆசிரியர்கள். பத்து நிமிடம் மட்டுமே பார்க்கக்கூடிய மருத்துவர் அறைக்கு நாங்கள் கண்டது போய்ச் சேரவில்லை. எனக்கு இப்போது தெரிகிறது, நம் வட்டாரத்தில் முதலில் சரிசெய்ய வேண்டியது இதைத்தான். புதிய கட்டடமோ புதிய சிறப்பு மருத்துவரோ வரும்வரை காத்திருக்காமல் வகுப்பாசிரியர் ஒருவர் நாளையே செய்யக்கூடிய வேலை இது.

நான் எண்ணுவது ஒரே பக்கம். 'கவனக்குறைவு', 'குறும்பு', 'சோம்பல்' என்ற சொற்கள் அதில் இருக்கக் கூடாது; கண்ணால் கண்டது மட்டும் இருக்க வேண்டும். 'நாற்பது நிமிடப் பாடத்தில் எட்டு முறை எழுந்தான்.' 'பத்துக் கணக்கில் நான்கை முடித்தாள். பக்கத்தில் ஆள் இருந்தால் பத்தையும் முடிக்கிறாள்.' 'வரிசையில் தன் முறைக்குக் காத்திருக்க முடியாமல் மூன்று நாள் தள்ளுமுள்ளு.' எந்த மாதத்திலிருந்து காண்கிறோம், பிள்ளை எந்த மாதத்தில் பிறந்தது, கண்ணும் காதும் சோதிக்கப்பட்டனவா என்பதும் வேண்டும். முதலாம் ஆண்டுக்கு ஊசி போடத் தாதியர் குழு பள்ளிக்கு வருகிற நாளில், தலைமையாசிரியர் ஒப்புதலோடும் பெற்றோர் கையொப்பத்தோடும் இத்தாளைக் கொடுத்தால், கிளினிக்கில் நாள் குறிப்பதை அன்றைக்கே தொடங்கிவிடலாம் அல்லவா?

அரசாங்க மருத்துவ அதிகாரி

இத்தகைய தாள் ஒன்று கையில் இருந்தால் முதல் வருகையிலேயே பாதி வேலை முடிந்துவிடும். ஒரே வேண்டுகோள்: ஆசிரியர் நோயின் பெயரை எழுத வேண்டாம், பெற்றோரிடம் சொல்லவும் வேண்டாம். நாங்கள் பயன்படுத்தும் கேள்வித்தாள்களும்கூடச் சல்லடை மட்டுமே. அவற்றில் மதிப்பெண் கூடியதாலேயே ஏ.டி.எச்.டி. என்று ஆகிவிடாது.

ஓய்வுபெற்ற சமூகத் தாதி

ஊசி நாளில் கொடுக்கலாம் என்ற யோசனையை முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். ஆனால் அன்றைய குழுவுக்கு நேரம் மிகக் குறைவு. ஒரு வாரம் முன்பே கிளினிக்கின் பள்ளிச் சுகாதாரப் பிரிவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். குடும்ப மருத்துவ நிபுணர் உள்ள கிளினிக்காக இருந்தால் அவர் பெயருக்கே தாளைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

இதுவரை யாரும் பேசாத ஒரு தடையும் உண்டு. பேராக்கில் 'மனநலப் பிரிவுக்கு அனுப்புகிறோம்' என்று சொன்னவுடன் நம் மக்கள் காதில் விழுவது தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப்பெயர்தான். 1911-இல் அங்கே மனநல மருத்துவமனை தொடங்கியதிலிருந்து தலைமுறை தலைமுறையாக அப்பெயரைச் சொல்லித்தான் பிள்ளைகளை மிரட்டியிருக்கிறோம். கடிதத்தை வாங்கிக்கொண்டு போய் அலமாரியில் வைத்துவிட்ட தாய்மாரை நான் அறிவேன். குழந்தை மருத்துவரோ குழந்தை மனநல மருத்துவரோ வெளிநோயாளியாகப் பார்த்து, பேசி, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்பதைக் கடிதத்தைக் கொடுக்கும்போதே, தமிழில், நிதானமாகச் சொல்ல வேண்டும். மாற்றுத் திறனாளி அட்டையைப் பற்றிய பயமும் இப்படிப்பட்டதே. ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளை, கற்றல் சிரமம் என்ற பிரிவில் அதைப் பெறலாம். பதிவது பெற்றோரின் விருப்பம். அட்டை எடுத்தால் பிள்ளையைச் சிறப்பு வகுப்புக்கு மாற்றியே தீர்வார்கள் என்று எண்ணுகிறார்கள். வழக்கமான வகுப்பிலேயே உதவியோடு படிக்கும் இணைக்கல்வி முறையும் இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் சிறப்புக் கல்வி மாணவருக்குரிய மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகையையும் இழந்தவர்கள் உண்டு.

தோட்டத்து மூத்தவர்

டாக்டர் பொறுமையாக எழுதியதற்கு நன்றி. என் பேரன் டிசம்பரில் பிறந்தவன். இரவில் குறட்டையும் விடுகிறான். முதலில் அதைப் பார்க்கச் சொல்லி மருமகளிடம் பேசிவிட்டேன்.

ஒன்று கேட்க வேண்டும். வீட்டில் எப்படி இருக்கிறான் என்பதும் தெரிய வேண்டும் என்றீர்கள். எங்கள் வீட்டில் மகனும் மருமகளும் விடியுமுன் வேலைக்குப் போனால் மாலையில்தான் வருவார்கள். பிள்ளையைக் குளிப்பாட்டி, சோறூட்டி, வீட்டுப்பாடத்துக்கு உட்கார வைப்பவள் என் மனைவி. அவளைக் கிளினிக்கில் யார் கேட்கப் போகிறார்கள்? மலாயில் அச்சிட்ட தாளை அவளால் படிக்க முடியாது.

அரசாங்க மருத்துவ அதிகாரி

ஐயா, நீங்கள் சொன்னதை நாங்கள் தவறவிட்டுக்கொண்டே இருக்கிறோம். படிவத்தில் 'தாய்', 'தந்தை' என்று இருப்பதால் அவர்களையே கேட்கிறோம். பிள்ளையோடு பகலைக் கழிப்பவரைக் கேட்பதில்லை. பாட்டியம்மா நேரில் வரலாம். வர இயலாவிட்டால் அவர் சொல்வதை வீட்டில் யாரேனும் எழுதி, மருமகளிடம் கொடுத்தனுப்பினாலும் போதும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட் வட்டாரம்

அப்படியென்றால் தாளின் பின்பக்கம் பாட்டிமாருக்கு. எளிய தமிழில், அன்றாட வேலைகளைக் கொண்டே கேட்போம். சோற்றுத் தட்டை முடிப்பதற்குள் எத்தனை முறை எழுந்து போகிறான்? கடைக்குப் போய் இரண்டு பொருள் வாங்கி வரச் சொன்னால் இரண்டும் வருகின்றனவா? இன்னும் என்ன கேட்கலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்கு முன் எழுதி முடிக்க வேண்டும்.

ஆயாவின் பேத்தி

வணக்கம், ஆசிரியை. என் பாட்டி தோட்டத்து ஆயாக் கொட்டகையில் 22 ஆண்டுகள் பிள்ளை பார்த்தவர். நீங்கள் எழுதியவற்றை அவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் சொன்னதை எழுதுகிறேன்.

மற்றப் பிள்ளைகள் மணலில் ஒரு விளையாட்டைப் பிடித்தால் அலுக்கும்வரை அதையே விளையாடுமாம். ஓரிரு பிள்ளைகள் மட்டும் ஒன்றைத் தொட்டு, விட்டு, வேறொன்றுக்கு ஓடுமாம். மதியம் எல்லாரும் உறங்கும்போதும் அவற்றின் கால் ஆடிக்கொண்டே இருக்குமாம். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை முதலில் முதுகுப் பக்கம் நின்று மெல்லக் கைதட்டிப் பார்ப்பாராம், காது கேட்கிறதா என்று. 'விளையாட்டை முடிக்கிறானா என்று கேட்கச் சொல், தூங்குகிறானா என்று கேட்கச் சொல், காதைப் பார்த்தீர்களா என்று கேட்கச் சொல்' என்றார்.

எழுத்தைப் பெரிதாக அச்சிடச் சொல்லவும் சொன்னார். கண்ணாடி போட்டாலும் சிறிய எழுத்து அவருக்குத் தெரிவதில்லை.